75 வாட்டுக்குள் ஒரு கிராபிக்ஸ் கார்ட்

பழைய கணினி ஒன்றுக்கு எந்தக் கிராபிக்ஸ் கார்ட் பொருந்தும் என்பதை முதலில் தீர்மானிப்பது அதன் பவர் சப்ளை. கார்டின் வேகம், மெமரி, விலை எல்லாம் அதற்குப் பிறகுதான். மலையகத்தில் இதற்கு இன்னும் முக்கியத்துவம் உண்டு. இறம்பொடையிலோ புசல்லாவையிலோ உயர்தரம் படிக்கும் மாணவருக்கும், கல்யாண வீடியோ எடிட் செய்யும் இளைஞருக்கும் கைக்கு எட்டும் விலையில் கிடைப்பவை, அலுவலகங்கள் கழித்துவிட்ட டெல், எச்பி, லெனோவோ மெஷின்கள். அவை உறுதியானவை, பத்து வருடம் தாண்டியும் ஓடும். ஆனால் கணக்குப் பார்க்கவும் கடிதம் அடிக்கவும் என்று செய்யப்பட்டவை. மின்சாரத்தில் மிச்சம் என்று அவற்றுக்குள் அதிகம் இருக்காது.

2012 இல் வந்த டெல் ஒப்டிபிளெக்ஸ் 7010 நல்ல உதாரணம். அதன் ஒடுக்கமான பெட்டியில் 240 வாட் பவர் சப்ளையும் டவர் பெட்டியில் 275 வாட் பவர் சப்ளையும் இருக்கும். அதில் வரும் ஐ5-3470 புரொசெசரின் மின்வரம்பு 77 வாட். மதர்போர்ட், ரேம், ஹார்ட் டிஸ்க், விசிறி எல்லாம் சேர்ந்து இன்னும் சில பத்து வாட் எடுக்கும். கிராபிக்ஸ் கார்ட் செருகப்படும் பிசிஐ எக்ஸ்பிரஸ் எக்ஸ்16 ஸ்லொட், தன் வழியாக 75 வாட் வரை கொடுக்கலாம் என்பது தரநிர்ணயம். அதற்கு மேல் கேட்கும் கார்டுக்குப் பவர் சப்ளையிலிருந்து தனி வயர் வேண்டும். 6 பின் இணைப்பு இன்னொரு 75 வாட்டையும், 8 பின் இணைப்பு 150 வாட்டையும் தரும். அலுவலக மெஷின்களில் பொதுவாக இந்த வயர்கள் கிடையாது.

இந்தக் குறையைச் சரிக்கட்ட, ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் சாட்டா வயரை 6 பின்னாக மாற்றும் அடப்டர் மலிவாக விற்கப்படுகிறது. அதை வாங்கவே கூடாது. சாட்டா மின் இணைப்பில் 12 வோல்ட்டுக்கு உள்ள மூன்று முனைகளும் தலா 1.5 அம்பியர்தான் தாங்கும். மொத்தம் 54 வாட். அதிலிருந்து 75 வாட்டை இழுத்தால் பிளாஸ்டிக் உருகும், சில வேளை தீயும் பிடிக்கும். பவர் சப்ளையையே மாற்றிவிடலாம் என்றால், பின்னால் வந்த பல டெல், எச்பி மாதிரிகளில் மதர்போர்ட்டுக்குப் போகும் இணைப்பே வழக்கமான 24 பின் இல்லை. சந்தையில் வாங்கும் சாதாரண பவர் சப்ளை அதில் நேரே பொருந்தாது. ஆகவே இத்தகைய கணினிக்கு நியாயமான எல்லை 75 வாட்.

மின்சாரத்துக்கு அடுத்தது இடம். ஒடுக்கமான பெட்டிக்குள் உயரம் குறைந்த ‘லோ புரொஃபைல்’ கார்ட் மட்டுமே நுழையும். அதன் உயரம் 7 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. பின்பக்கத் தகடும் அதே அளவில் கார்டுடன் வருகிறதா என்று கேட்டுப் பார்த்தே வாங்க வேண்டும். தகடு மாறிவிட்டால் கார்டைத் திருகிப் பொருத்த வழியில்லை. இரண்டு ஸ்லொட் தடிப்புள்ள கார்ட் பக்கத்திலிருக்கும் பாகத்தில் இடிக்குமா என்பதை ஓர் அடிமட்டம் வைத்து அளந்தால் போதும்.

இந்த எல்லைக்குள் அடங்கும் கார்டுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. 2016 இல் வந்த என்விடியா ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 4 கிகாபைட் மெமரியும் 75 வாட் வரம்பும் உள்ளது. 2019 இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650 அதைவிட வேகமானது, அதே 75 வாட்தான். இரண்டிலும் சில நிறுவனங்கள் வேகத்தைக் கூட்டி 6 பின் இணைப்பு வைத்து விற்றிருக்கின்றன. பெயரை மட்டும் நம்பாமல் கார்டின் மேல் விளிம்பைப் பார்க்க வேண்டும். புதிதாக வாங்கப் பணம் இருந்தால், 2024 இல் வந்த 6 கிகாபைட் ஆர்டிஎக்ஸ் 3050 தனி வயர் இல்லாமல் 70 வாட்டில் ஓடும்.

மலிவென்று பலர் வாங்கும் ஜிடி 1030 இல் ஒரு பொறி இருக்கிறது. 2017 இல் அது ஜிடிடிஆர்5 மெமரியுடன் வந்தது, விநாடிக்கு 48 கிகாபைட் தரவைக் கடத்தும். 2018 இல் அதே பெயரில் சாதாரண டிடிஆர்4 மெமரியுடன் இன்னொன்றை விட்டார்கள். அதன் கடத்தல் 16.8 கிகாபைட், ஏறக்குறைய மூன்றில் ஒன்று. பெட்டியின் முகப்பில் இரண்டும் ஜிடி 1030 தான். வாங்குபவரை இப்படிக் குழப்புவது எந்த வகையிலும் ஏற்கத்தக்கதல்ல. எந்த வகை ஜிடி 1030 ஆனாலும் அதில் வீடியோவை என்கோட் செய்யும் பகுதி இல்லை. 2022 இல் வந்த ஏஎம்டி ஆர்எக்ஸ் 6400 இலும் இல்லை. எடிட் செய்த வீடியோவை வேகமாக வெளியே எடுக்கக் கார்ட் வாங்குபவருக்கு இவை இரண்டாலும் பயனில்லை. ஆர்எக்ஸ் 6400க்கு வேறொரு குறையும் உண்டு. அது ஸ்லொட்டின் நான்கு தடங்களில் மட்டுமே பேசும். பிசிஐ எக்ஸ்பிரஸ் 4 உள்ள புதிய மதர்போர்ட்டில் அது போதும். பழைய 3ஆம் தலைமுறை ஸ்லொட்டில் தரவு கடத்தும் வேகம் பாதியாகும், 2ஆம் தலைமுறையில் கால்வாசிதான். இன்டெல் ஆர்க் கார்டுகள் முழு வேகத்தில் ஓட ‘ரீசைசபிள் பார்’ என்ற வசதியைக் கேட்கும். 2012 காலத்து மெஷின்கள் அந்த வசதியுடன் வந்தவை அல்ல.

கார்டே தேவையா என்பதையும் யோசிக்க வேண்டும். கணினி திறக்கவே ஐந்து நிமிடம் பிடித்தால் குறை ஹார்ட் டிஸ்க்கில். அந்தப் பணத்துக்கு ஓர் எஸ்எஸ்டியும் இன்னொரு ரேமும் வாங்கினால் மாற்றம் உடனே தெரியும். பாடசாலைத் தகவல் தொழில்நுட்பப் பாடத்துக்கும் இணைய வகுப்புக்கும் கிராபிக்ஸ் கார்ட் அவசியமில்லை. பிளெண்டர், வீடியோ எடிட்டிங், கேம் என்று வரும்போதுதான் அது வேலை செய்யும். அப்போதும் 2012 காலத்து நான்கு கோர் புரொசெசருக்கு ஜிடிஎக்ஸ் 1650க்கு மேல் போனால், பல கேம்களில் கார்ட் புரொசெசருக்காகக் காத்திருக்கும்.

விலை என்றால் டொலரைப் பார்க்காமல் முடியாது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர், மே மாதத்துக்குள் 360 ரூபாய் அளவுக்கு ஏறியது. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமானது. பாவித்த கார்டுகளை நோக்கிப் பலர் போனதற்குக் காரணம் இதுதான். 2022 செப்டம்பர் 15 இல் எதீரியம் என்ற மெய்நிகர் நாணயத்தின் இயங்குமுறை மாறியதும், அதைத் தோண்டப் பயன்பட்ட கார்டுகள் உலகெங்கும் மலிவாகச் சந்தைக்கு வந்தன. அவற்றில் பிரபலமான ஆர்எக்ஸ் 580 க்கு மட்டும் 185 வாட் வேண்டும். 240 வாட் பெட்டிக்கு அது ஒத்துவராது.

போலிகளும் உண்டு. 2010 காலத்து ஜிடிஎஸ் 450 போன்ற கார்டின் உள்மென்பொருளை மாற்றி எழுதி, 1050 டிஐ என்று காட்டும்படி விற்கிறார்கள். கடையிலேயே ஜிபியூ-ஸீ என்ற இலவச மென்பொருளை ஓட்டினால், பெயருக்கு முன்னால் போலி என்ற குறி விழும். பின்பக்கம் நீல நிற விஜிஏ துளை இருந்தாலும் சந்தேகப்பட வேண்டும். 1050 டிஐ வந்த பஸ்கால் தலைமுறைச் சிப்புகளில் அனலொக் வெளியீடே இல்லை. அதே தலைமுறைக்கு என்விடியா 2025 அக்டோபருடன் வழக்கமான டிரைவர்களை நிறுத்திவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். ஆகவே 1050 டிஐக்கும் 1650க்கும் விலை வித்தியாசம் சிறிதென்றால் 1650 ஐ எடுப்பதே சரி.

மலைநாட்டுக் குளிர் கார்டுக்கு உதவும். அறை 10 பாகை குளிர்ந்தால் கார்டின் சூடும் ஏறக்குறைய அவ்வளவு இறங்கும். ஈரம்தான் தொல்லை. மழைக்காலத்தில் வாரக்கணக்கில் மூடிக் கிடந்த கணினியில், கார்டின் தங்க முலாம் பூசிய விளிம்பில் ஈரமும் தூசியும் படலமாகப் படிந்தால் திரையில் படமே வராது. மின்சாரத்தைத் துண்டித்து, கார்டைக் கழற்றி, அந்த விளிம்பை மென்மையான அழிறப்பரால் தேய்த்துத் துகளைத் தட்டிவிட்டால் பெரும்பாலும் சரியாகும். இடி மின்னல் கூடும் ஏப்ரல், ஒக்டோபர் பின்னேரங்களில் பிளக்கைக் கழற்றி வைப்பதே நம்பகமான காவல். மின்கட்டணத்தையும் கணக்கிட வேண்டும். 75 வாட் கார்ட் நாளுக்கு நான்கு மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் மாதம் 9 அலகு கூடும். மாதம் 60 அலகைத் தாண்டும் வீட்டுக்குக் கட்டண அட்டவணையே மாறுகிறது. 55 அலகு எரிக்கும் வீட்டில் இந்த 9 அலகு சின்ன விஷயமல்ல.

கொழும்பு பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசா போன்ற இடத்தில் வாங்கினால், பழுதான கார்டைத் திருப்பிக் கொடுக்க இறம்பொடையிலிருந்து மீண்டும் போய்வர ஒரு நாள் கழியும். அதனால் கடையிலேயே ஃபர்மார்க் போன்ற சோதனையைக் கால் மணி நேரம் ஓட்டி, விசிறிச் சத்தத்தையும் சூட்டையும் திரையில் புள்ளி, கோடு விழுகிறதா என்பதையும் பார்ப்பது நல்லது. வீட்டில் பொருத்தியதும் மொனிட்டர் வயரை மதர்போர்ட்டிலிருந்து கழற்றிப் புதிய கார்டில் மாட்ட வேண்டும். விஜிஏ மட்டும் உள்ள பழைய மொனிட்டர் என்றால், எச்டிஎம்ஐயை விஜிஏயாக மாற்றும் சிறு கருவி ஒன்றையும் கார்டோடு சேர்த்தே வாங்கிக்கொள்ள வேண்டும்.