மணற்பாறை பூட்டி வைத்த யுரேனியம்

சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன், அமெரிக்காவின் கொலராடோ பீடபூமியில் பல ஆறுகள் கிளை பிரிந்து ஓடிக்கொண்டிருந்தன. வெள்ளம் அடித்துவந்த மரங்கள் அவற்றின் மணலுக்குள் புதைந்தன. அந்த மணல்தான் மோரிசன் எனப்படும் பாறை அடுக்காக இறுகி, இன்று அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா மாநிலங்களில் விரிந்திருக்கும் நவாஹோ பழங்குடி மக்களின் நிலத்தில் கிடக்கிறது. அதற்கும் மூத்தது, டிரையாசிக் காலத்துச் சின்லே அடுக்கு. யுரேனியம் இரண்டிலும் உண்டு.

அது அங்கே வந்து சேர்ந்த விதம் அலாதியானது. ஆக்சிஜன் கலந்த நீரில் யுரேனியம் எளிதில் கரையும். ஆக்சிஜன் அற்றுப்போன இடத்தில் கரையாது. எரிமலைச் சாம்பலிலிருந்து யுரேனியத்தைக் கரைத்துக்கொண்டு நிலத்தடி நீர் மணலுக்குள் மெல்ல நகர்ந்தது. புதைந்த மரங்கள் மக்கிக் கிடந்த இடங்களில் ஆக்சிஜன் தீர்ந்திருந்தது. அங்கே வந்ததும் யுரேனியம் நீரைவிட்டுப் பிரிந்து படிந்தது. நெடுங்காலம் இப்படிப் படிந்து படிந்து, சில இடங்களில் முழு மரத்தண்டே தாதுவாகிவிட்டது. மண்ணுக்கு மேலே தலைகாட்டும் இடங்களில் இது மஞ்சள் நிறக் கார்னோடைட் கனிமமாகத் தெரியும்.

1944 முதல் 1986 வரை இந்த நிலத்திலிருந்து ஏறக்குறைய 3 கோடி டன் தாது வெட்டியெடுக்கப்பட்டது. அணுகுண்டுக்காகத் தொடங்கிய வேட்டை அது. நெடுங்காலம் அமெரிக்க அணுசக்தி ஆணையம் மட்டுமே அதை வாங்கியது. வேறு பிழைப்புக்கு வழியில்லாத நவாஹோ ஆண்கள் காற்றோட்டமற்ற குழிகளுக்குள் இறங்கினார்கள். வெடிவைத்த புழுதி அடங்குமுன்பே உள்ளே போனார்கள். பாறையில் கசிந்த நீரையே குடித்தார்கள்.

யுரேனியம் சிதையும் வழியில் ரேடான் என்ற வாயு பிறக்கிறது. அதன் சேய்த் தனிமங்கள் தூசியில் ஒட்டிக்கொண்டு நுரையீரலில் தங்கி, உள்ளிருந்தபடியே ஆல்ஃபா கதிர்களை உமிழும். ஜெர்மனியின் ஷ்னீபெர்க் சுரங்கத் தொழிலாளர்களின் நுரையீரல் புற்றுநோய் 1879லேயே பதிவாகிவிட்டது. 1950இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை யுரேனியத் தொழிலாளர்களை ஆராயத் தொடங்கியது; ஆனால் காத்திருக்கும் ஆபத்தை அவர்களிடம் சொல்லவில்லை. என்னால் ஏற்கவே முடியாதது இதுதான். சுரங்கத்துக்குள் நல்ல காற்றைச் செலுத்தினாலே ரேடானின் அளவு பெருமளவு குறையும். அதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவைப்படவில்லை. 1984இல் வெளியான ஓர் ஆய்வு, நுரையீரல் புற்றுநோய் கண்ட நவாஹோ ஆண்களில் 72 சதவீதம் பேர் யுரேனியச் சுரங்கங்களில் வேலை செய்தவர்கள் என்று காட்டியது. புகைப்பழக்கம் மிகக் குறைவான சமூகம் அது. இழப்பீட்டுச் சட்டம் 1990இல்தான் வந்தது.

தீங்கு சுரங்கத்தோடு நிற்கவில்லை. 1979 ஜூலை 16 அன்று, நியூ மெக்சிகோவின் சர்ச் ராக்கில் யுரேனிய ஆலைக் கழிவுக் குளத்தின் கரை உடைந்தது. 35 கோடி லிட்டருக்கும் மேலான அமிலக் கழிவுநீரும் சுமார் 1,100 டன் கதிரியக்கத் திடக்கழிவும் புவெர்கோ ஆற்றில் பாய்ந்தன. ஆடு மாடுகளுக்கு அந்த மக்கள் தண்ணீர் காட்டிய ஆறு அது. அதே ஆண்டு மார்ச்சில் நேர்ந்த திரீ மைல் தீவு அணு உலை விபத்தை உலகமே அறியும். சர்ச் ராக்கை எத்தனை பேர் அறிவார்கள்?

கைவிடப்பட்ட சுரங்கங்கள் 500க்கும் மேல் இருக்கின்றன. சுரங்கக் கழிவுக் கற்களால் சுவரும் தரையும் அமைத்துக் கட்டிய வீடுகளில் குடும்பங்கள் பல ஆண்டுகள் வாழ்ந்திருக்கின்றன. பூமி மரத்துண்டுகளைக் கொண்டு பிடித்துவைத்த யுரேனியத்தைச் சுரங்கம் மீண்டும் காற்றுக்கும் மழைக்கும் திறந்துவிட்டது. கரைவதற்கு அதற்கு வேண்டியது அவ்வளவுதான். லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் என்ற குடிநீர் வரம்பைத் தாண்டிய கிணறுகள் அங்கே உண்டு. குழாய் நீர் எட்டாத வீடுகள் நிறைந்த வறண்ட நிலத்தில் கிணற்றை மூடுவதும் எளிதல்ல. 2005இல் நவாஹோ அரசு தன் நிலத்தில் யுரேனியச் சுரங்கத்தைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. பழைய குழிகளைத் துப்புரவாக்கும் வேலை இன்னும் முடியவில்லை.