முகத்தில் ஊசி போடுமுன்

உளுந்தூர்பேட்டையில் பேருந்துக்காகக் காத்து நிற்பவர்கள் மணப்பெண் அலங்கார விளம்பரங்களைப் படிக்காமல் தப்ப முடியாது. சென்ற ஆவணியில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வெளியே வருகையில், தெரிந்த தாய் ஒருவர் அத்தகைய விளம்பரத் தாளொன்றை நம்மிடம் நீட்டினார். அருகே, தையில் மணமாகவிருந்த அவருடைய மகள்.

"ஐயா, நெற்றிச் சுருக்கத்துக்கு ஓர் ஊசி, கன்னத்துக்கு ஒன்று, உதட்டுக்கு ஒன்று, எல்லாம் சேர்த்து ஒரே தொகை என்கிறார்கள். சீட்டுப் பணம் இருக்கிறது. போட்டுவிடலாமா?"

பெண்ணின் நெற்றியில் சுருக்கம் எதுவும் நம் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆயினும் சிரித்துத் தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று அது. கேட்டவர் முகத்தில் அத்தனை கவலை.

முகத்தில் போடப்படும் ஊசிகள் பெரும்பாலும் இருவகை. முதலாவது, போட்டுலினம் என்னும் நச்சிலிருந்து செய்யப்படுவது. 1895-இல் பெல்ஜிய நாட்டில் ஓர் இழவு வீட்டு விருந்தில் கெட்ட பன்றித் தொடை இறைச்சியை உண்டு பலர் நோயுற்றனர், சிலர் மாண்டனர். அதை ஆராய்ந்த வான் எர்மெங்கெம் என்னும் அறிஞரே இந்நச்சைச் சுரக்கும் கிருமியைக் கண்டறிந்தார். தசையை இயங்கச் சொல்லி நரம்பு அனுப்பும் செய்தியை இது தடுத்துவிடுகிறது. ஆளைக் கொல்லும் அதே நஞ்சை மிகமிகச் சிறிய அளவில் கொடுத்து மாறுகண்ணைத் திருத்தலாம் என்று காட்டியவர் சான்பிரான்சிஸ்கோ நகரின் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட். 1989-இல் அமெரிக்க அரசு மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும் இதை ஏற்றது. இதனிடையே கனடாவில் இமைத் துடிப்புக்குச் சிகிச்சை பெற்றவர்களின் புருவ மத்தியில் சுருக்கம் மறைவதைக் கண் மருத்துவர் ஜீன் கருத்தர்ஸ் கவனித்தார். தோல் மருத்துவரான தம் கணவருடன் சேர்ந்து 1992-இல் அதை எழுதி வெளியிட்டார். அழகுக்காக இம்மருந்து அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது 2002-இல்தான். ஆக, இது நோயாளிகளின் மருந்தாகப் பிறந்தது. முகத்தின் ஒரு பாதி ஓயாது துடிக்கும் நோய்க்கு இன்றும் இதுவே கைகண்ட மருந்து.

இரண்டாவது வகை, குழிந்த இடத்தை நிரப்பும் கூழ். நம் தோலிலும் மூட்டிலும் இயல்பாகவே உள்ள ஹயலூரானிக் அமிலத்தாலானது மிகுதியாகப் பயன்படுகிறது. முதல் ஊசியின் பலன் மூன்று நான்கு மாதம். இதன் பலன் சில மாதங்கள் முதல் ஓராண்டுக்கு மேலும் நிற்கும். ஆபத்து மிக்கதும் இதுவே. ஊசிமுனை இரத்தக் குழாய்க்குள் புகுந்து கூழ் அடைத்துக்கொண்டால் அவ்விடத்துத் தோல் கருகிப்போகும். கண்ணுக்குச் செல்லும் குழாய் அடைபட்டால் பார்வையே போய்விடும். இது அரிது, ஆனால் நடந்திருக்கிறது. அக்கூழைக் கரைக்கும் மாற்று மருந்து உண்டு. அதைக் கைவசம் வைத்திருப்பவர், பயன்படுத்தத் தெரிந்தவர், மருத்துவராகவே இருக்க வேண்டும். அலங்கார நிலையத்து நாற்காலியில் அமர்ந்து போட்டுக்கொள்ளும் காரியமன்று.

'எல்லாம் சேர்த்து ஒரே தொகை' என்ற சொல்தான் நம்மை உறுத்தியது. ஒருவர் முகம்போல் இன்னொருவர் முகம் இல்லை. தேர்ந்த மருத்துவர் முகத்தை முதலில் அசையாமல் வைத்துப் பார்ப்பார். பிறகு முகம் சுளிக்க, புருவம் உயர்த்த, சிரிக்கச் சொல்லிப் பார்ப்பார். எந்தத் தசை வலியது, இரு பக்கமும் ஒத்திருக்கிறதா என்று குறித்துக்கொண்டு படமும் எடுத்து வைப்பார். புருவ மத்திக்குப் போடாக்ஸ் மருந்தில் வழக்கமான அளவு ஐந்து இடங்களில் மொத்தம் 20 யூனிட்; ஆயினும் ஒரு நிறுவனத்தின் யூனிட்டும் மற்றொன்றின் யூனிட்டும் சமமல்ல. இடம் சற்றே தவறினால் இமை தொங்கிவிடும். தானாகச் சரியாகச் சில வாரங்கள் ஆகும். முழுப் பலன் தெரிய இரண்டு வாரம் வேண்டும். எனவே முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் முதன்முதலாக ஊசி போட்டுக்கொள்வது அறிவீனம். கருவுற்றவர், பாலூட்டுபவர், தசைத் தளர்ச்சி நோயுள்ளவர் இவற்றை நாடலாகாது. இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவர் அதை மறைக்கலாகாது.

இதையெல்லாம் சொன்னபோது அந்தத் தாய், "அப்படியானால் முகத்தைச் சீர்படுத்திக்கொள்வதே தவறா?" என்று கேட்டார். தவறென்று நாம் சொல்லவில்லை. நம் மேற்கே நிற்கும் கல்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் எளிய மக்களிடையே உழைத்த எவ்லின் பிராண்ட் என்ற ஆங்கிலப் பெண்மணியைப் பெரியவர் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். பிராட்டஸ்டண்ட் சபையைச் சேர்ந்தவர். அவருடைய மகன் மருத்துவர் பால் பிராண்ட், கொல்லிமலையில் வளர்ந்தவர், 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவையால் நிமிர்த்தினார். ஆனால் நோய் நீங்கிய பின்னும் புருவம் உதிர்ந்து மூக்கு அமிழ்ந்த முகத்தைக் கண்டால் எவரும் வேலை தரவில்லை. ஆகவே அங்கே மூக்கைச் சீர்செய்தனர். தலைத்தோலின் ஒரு துண்டை முடியோடு எடுத்துப் புருவமாக வைத்தனர். தலைமுடியாகையால் அது வளர்ந்துகொண்டே இருக்கும். அவ்வப்போது கத்தரிக்க வேண்டும்! அம்முகங்களுக்கு வேண்டியது அதுதான்.

அன்னையாரோ, முதுமையில் முகமெல்லாம் சுருக்கம் விழுந்த நிலையில், தம் வீட்டில் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை என்று மகன் எழுதியிருக்கிறார். 1974-இல் தம் 95-ஆம் வயதில் காலமானார்.

ஐப்பசியில் தாயும் மகளும் ஓர் அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போனார்கள். பெண் மருத்துவர் ஒருவர் முகம் சுளிக்கச் சொன்னார், சிரிக்கச் சொன்னார். பிறகு தாயை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, "உனக்கு எது உறுத்துகிறது, அம்மா?" என்று மகளைக் கேட்டார். அவள் கன்னத்தில் படர்ந்த மங்கைத் தொட்டுக் காட்டினாள். சுருக்கத்தைப் பற்றி அவள் பேச்சே எடுக்கவில்லை. மங்குக்கு மேற்சொன்ன ஊசிகளால் பயனில்லை. தோலை வெளுக்கச் செய்வதாகச் சொல்லி விற்கும் ஊசிகள் எதற்கும் அமெரிக்க மருந்து ஆணையம் ஒப்புதல் தரவில்லை என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறோம்.

மருத்துவர் வெயில் படாதிருக்க ஒரு களிம்பும், இரவில் பூச ஒன்றும், வெளியே போகையில் குடையும் என்று எழுதிக் கொடுத்தார். "அப்போ ஊசி?" என்று தாய் கேட்டாராம். "இதற்கு ஊசி இல்லை, அம்மா." சீட்டுப் பணம் பந்தல்காரருக்குப் போயிற்று.