40 ஆண்டுப் பிரிவைத் தீர்த்த திராட்சை மது

ஒரே ஒரு பீப்பாய் திராட்சை மது. 2005-ம் ஆண்டு அமெரிக்காவில் உள்ள நாபா பள்ளத்தாக்கில் அது ஏலம் விடப்பட்டது. விலை என்ன தெரியுமா? 4 லட்சத்து ஆயிரம் டாலர்! அப்படி என்ன அதிசயம் அதில்?

சீசர் மாண்டவியும் அவர் மனைவி ரோசாவும் இத்தாலி நாட்டவர்கள். பிழைப்புத் தேடி அமெரிக்கா போனார்கள். சீசர் இரும்புச் சுரங்கத்தில் உழைத்தார். ரோசா, தொழிலாளர்களை வீட்டில் தங்கவைத்துச் சமைத்துப் போட்டார்.

1920-ல் அங்கே மதுவிலக்கு வந்தது. ஆனால் வீட்டுக்குத் தேவையான திராட்சை மதுவை வீட்டிலேயே தயாரிக்க இடம் இருந்தது. இத்தாலியர்களுக்காகப் பழம் வாங்கக் கலிபோர்னியா போன சீசர், குடும்பத்தோடு அங்கேயே குடியேறினார். 1943-ல் நாபாவில் ஒரு பழைய மது ஆலையை 75 ஆயிரம் டாலருக்கு வாங்கினார். "சீ. மாண்டவியும் பிள்ளைகளும்" என்று பெயர் வைத்தார்கள்.

பிரிவினை

தாயும் பிள்ளையும் என்றாலும் வாயும் வயிறும் வேறு அல்லவா? 1959-ல் தந்தை இறந்தார். 1965-ல் பிள்ளைகள் ராபர்ட்டும் பீட்டரும் கைகலந்தார்கள். அண்ணன் ராபர்ட் மறு ஆண்டே தனி ஆலை தொடங்கினார். பிள்ளைகள் மறுபடி சேர்ந்து தொழில் செய்வதைக் காணாமலே, 1976-ல் தாய் கண்ணை மூடினார்.

மீண்டும் ஒரு முறை

2005-ல் அண்ணனுக்கு வயது 91, தம்பிக்கு 90. இரு குடும்பத் தோட்டங்களின் திராட்சையையும் சரிபாதி கலந்து, ஒரு பீப்பாய் சிவப்பு மது தயாரித்தார்கள். அதுதான் ஏலம் போனது! அதன் பெயர், "ஆங்கோரா ஊனா வோல்தா". "மீண்டும் ஒரு முறை" என்று பொருள்.

அது இத்தாலிய மொழி. தாய் தந்தையர் பேசிய மொழி. பெற்றவர்களுக்குப் பிள்ளைகள் செய்யும் மரியாதை, ஒற்றுமையை விட வேறு என்ன?