ஓர் உலை, மூன்று அளவு
உடல் எடை குறைய எளிய உணவுத் திட்டம்

பசியை ஒழிப்பதே நெடுங்காலம் கிராம அபிவிருத்தியின் முதற் கடமையாக இருந்து வந்தது. அக்கடமை இன்னும் முற்றுப் பெறவில்லை. ஆயினும், அதற்கு நேர் எதிரான மற்றொரு தொல்லை நம் கிராமங்களில் புகுந்துவிட்டது. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் மாநிலத்தில் நூறு பெண்களில் நாற்பது பேரும், நூறு ஆண்களில் முப்பத்தேழு பேரும் அளவுக்கு மிஞ்சிய உடல் எடை உடையவர்கள். நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, மூட்டுவலி ஆகியவை இதைப் பின்தொடர்ந்து வருகின்றன. களையெடுக்கக் குனிய முடியாத குடியானவரும், கண்மாய்க் கரை ஏறுவதற்குள் மூச்சு வாங்கும் பஞ்சாயத்து உறுப்பினரும் இன்று அரியவர் அல்லர்.

எடையைக் குறைக்க வேண்டும் என்று அறியாதவர் இல்லை. எப்படி என்பதில்தான் குழப்பம். அன்றாடச் சமையலைச் சிக்கலாக்காமல், செலவை ஏற்றாமல், வீட்டில் எல்லோரும் உண்ணும் ஒரே உலையிலிருந்து எடையைக் குறைக்கும் வழியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உழைப்பு மாறியது, அளவு மாறவில்லை

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். 65 கிலோ எடையுள்ள ஆண் கடின உழைப்பு உழைத்தால் நாளொன்றுக்கு 3,470 கலோரி தேவை. உட்கார்ந்தே வேலை செய்தால் 2,110 கலோரி போதும். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு முறையே 2,720, 1,660 கலோரி.

மேலூர், வாடிப்பட்டிப் பக்கத்துப் பெரியாற்றுப் பாசன வயல்களில் முன்பு ஏர் உழுதவர் இன்று டிராக்டருக்குச் சொல்லி அனுப்புகின்றார். கதிர் அறுத்துக் கட்டுச் சுமந்த களத்தில் அறுவடை இயந்திரம் ஓடுகின்றது. சந்தைக்கு நடந்தவர் மோட்டார் சைக்கிளில் செல்கின்றார். இவையெல்லாம் நல்ல மாறுதல்களே; முதுகொடியும் உழைப்பு திரும்ப வேண்டும் என்று எவரும் கூறார். ஆனால் ஏர் பிடித்த நாளில் தட்டில் விழுந்த சோற்றின் அளவு மட்டும் அப்படியே நிற்கின்றது. உழைப்பின் தேவைக்கு மிஞ்சிய கலோரியை உடல் கொழுப்பாகச் சேமித்து வைக்கின்றது.

திட்டங்கள் ஏன் பத்து நாளில் முடிகின்றன?

எடை குறைக்க முனைவோர் பெரும்பாலும் மூன்று வகையில் இடறுகின்றனர்.

முதலாவது, தமக்கென்று தனிச் சமையல். வீட்டாருக்குச் சோறு, தமக்கு மட்டும் வேறொன்று என்றால், இரண்டு அடுப்பு மூட்டும் பெண்ணுக்கு வேலை இரட்டிக்கின்றது. கூலி வேலைக்கும் போய் வரும் பெண்ணால் அது எத்தனை நாள் இயலும்?

இரண்டாவது, பட்டினி. காலையில் ஒன்றும் உண்ணாமல் இருந்து, மாலைப் பசியில் இரு மடங்கு உண்பது. நாளொன்றுக்கு 1,000 கலோரிக்குக் குறைந்த உணவு கூடாது என்றும், வாரத்திற்கு அரை கிலோ குறைவதே பாதுகாப்பான வேகம் என்றும் மேற்சொன்ன நிறுவனம் அறிவுறுத்துகின்றது.

மூன்றாவது, ஒவ்வொரு வேளையும் ‘இன்று என்ன சமைப்பது?’ என்று புதிதாக யோசிப்பது. களைத்து வந்த மாலையில் யோசனை ஓடாது. கடைப் பரோட்டாவே கைக்கு எளிதாக வந்து சேரும்.

ஆகவே யோசனையை நாள்தோறும் செய்யாமல் வாரத்திற்கு ஒரு முறை செய்துவிட வேண்டும். அளவுகளையும் ஒரு முறை நிர்ணயித்துவிட்டால் பிறகு கணக்குப் போட வேண்டுவதில்லை.

மூன்று அளவுகள்

2024ஆம் ஆண்டில் அந்நிறுவனம் வெளியிட்ட உணவு நெறிகளில், 2,000 கலோரி தேவைப்படுவோருக்கு ஒரு நாள் உணவு இவ்வாறு வகுக்கப்பட்டுள்ளது: தானியம் 250 கிராம், பருப்பு, பயறு அல்லது முட்டை, மீன், இறைச்சி 85 கிராம், கீரை உட்படக் காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, நிலக்கடலை போன்ற கொட்டைகள் 35 கிராம், எண்ணெய் 27 கிராம். இவற்றில் மூன்றை மட்டும் கண்டிப்பாக அளந்தால் போதும்.

ஒன்று, தானியம். மளிகைக் கடைத் தராசில் 100 கிராம் அரிசியை நிறுத்து, வீட்டு டம்ளர் ஒன்றில் கொட்டி, அது நிற்கும் மட்டத்தில் ஒரு கோடு கிழித்துக்கொள்ளுங்கள். பகல் உணவுக்கு ஒருவருக்கு ஒரு கோடு. காலையும் இரவும் முக்கால் கோடு. மொத்தம் 250 கிராம் ஆகிவிடும். வயலில் உடல் நோக உழைப்பவருக்கு இது போதாது. அவருக்குக் கூட்டி அளக்க வேண்டும். எடை குறைக்க வேண்டியவருக்கு நாளில் அரைக் கோடு குறைக்கலாம். உலையில் இடும் முன் அளப்பதே இதில் முக்கியம்.

இரண்டு, எண்ணெய். நால்வர் உள்ள குடும்பத்திற்கு மாதம் ஏறத்தாழ மூன்றரை லிட்டர். மாதத்தின் முதல் நாள் அவ்வளவையே வாங்கி வையுங்கள். கரண்டிக் கணக்கு வேண்டா; புட்டி காலியாகும் வேகமே கணக்குச் சொல்லும்.

மூன்று, சர்க்கரை. நாளுக்கு நான்கு தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி என்றால் 40 கிராம். அதாவது 160 கலோரி. ஒரு மாதத்தில் ஒன்றேகால் கிலோ சர்க்கரையை ஒருவரே குடித்து முடிக்கின்றார். வெல்லம், கருப்பட்டி என்று மாற்றினாலும் எடைக் கணக்கில் பெரிய வேறுபாடு இல்லை. தேநீரைக் குறைக்க முடியாவிடில், அதிலுள்ள சர்க்கரையையேனும் குறைக்க வேண்டும்.

இம்மூன்றும் சேர்ந்து என்ன செய்யும்? நாளில் அரிசி 50 கிராம் குறைந்தால் சுமார் 170 கலோரி. எண்ணெய் 10 கிராம் குறைந்தால் 90 கலோரி. சர்க்கரை நின்றால் 160 கலோரி. ஆக 420. ஒரு கிலோ உடற்கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரிக்குச் சமம். காகிதக் கணக்கில் மாதத்திற்கு ஒன்றரை கிலோ குறைய வேண்டும். உடல் காகிதத்தைப் போல் நடந்துகொள்வதில்லை. மாதம் ஒரு கிலோ குறைந்தாலும் ஆறு மாதத்தில் ஆறு கிலோ. பட்டினி கிடந்து குறைந்து, மீண்டும் ஏறும் எடையைவிட இது மேலானது.

வாரப் பட்டியல்

2022ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் மதுரை சிம்மக்கல் ஆதிமூலம் பள்ளியில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது. வாரத்தின் எந்த நாளுக்கு எந்த உணவு என்பது அத்திட்டத்தில் முன்னரே வகுக்கப்பட்டிருந்தது. சமைப்பவர் காலையில் எழுந்து யோசிக்க வேண்டியதில்லை, சாமானும் வீணாவதில்லை. பள்ளிக்கூடத்திற்குப் பொருந்தும் இம்முறை வீட்டுக்கும் பொருந்தும். நம் பக்கத்திற்கு ஏற்ற ஒரு பட்டியல் வருமாறு:

காலை: ஞாயிறு இரவு ஆட்டிய மாவில் திங்கள், செவ்வாய் இட்லி, புதன் தோசை, வியாழன் கேப்பைக் கூழும் மோரும், வெள்ளி குதிரைவாலிப் பொங்கல், சனி காய்கறி சேர்த்த கோதுமை ரவை உப்புமா, ஞாயிறு பாசிப்பயறு தோசை.

பகல்: திங்கள், வியாழன் பருப்புச் சாம்பார், செவ்வாய், வெள்ளி தட்டைப்பயறு அல்லது மொச்சை போட்ட புளிக்குழம்பு, புதன், சனி கீரைக் கடைசலும் முட்டையும், ஞாயிறு மீன் அல்லது கோழி. எல்லா நாளும் ஒரு பொரியல் அல்லது கூட்டு, ஒரு குவளை மோர்.

இரவு: பகல் குழம்பும் வெஞ்சனமுமே போதும்; அளந்த சோறோ இரண்டு சப்பாத்தியோ சேர்த்து எட்டு மணிக்குள் உண்டு முடிப்பது நலம்.

இதில் எடை குறைப்பவருக்கென்று தனிப் பண்டம் ஒன்றும் இல்லை. பரிமாறும் முறையில் மட்டும் வேறுபாடு. தட்டில் பாதியளவு காய்கறியும் கீரையும் முதலில் வைக்கப்படட்டும்; கால் பாகம் பயறு அல்லது முட்டை; மீதிக் கால் பாகமே சோறு. சோற்றுக்கு வெஞ்சனம் துணை என்னும் பழக்கம் மாறி, வெஞ்சனத்திற்குச் சோறு துணையாக வேண்டும்.

சிறுதானியம் பற்றி ஒரு சொல். உசிலம்பட்டி, பேரையூர், டி. கல்லுப்பட்டி வட்டாரத்து மானாவாரி நிலங்களில் விளையும் குதிரைவாலி நல்ல உணவு, நார்ச்சத்து மிக்கது. ஆனால் குதிரைவாலி என்பதற்காக இரு மடங்கு உண்டால் எடை குறையாது. அதற்கும் அதே கோட்டு டம்ளர்தான்.

மீந்த சோறு யார் கணக்கில்?

நம் வீடுகளில் பெண்கள் கடைசியில் உண்கின்றனர். மீந்ததை வீணாக்க மனமில்லாமல் தாமே உண்டு முடிக்கின்றனர். சிலவேளை காய்கறி முழுவதும் தீர்ந்து, அவர்களுக்குச் சோறும் குழம்புமே மிஞ்சுகின்றன. மற்றவர் வயிற்றுக்குச் செல்லாத மிச்சம் அவர்கள் உடலில் எடையாகச் சேர்கின்றது. உலையில் அளந்து போட்டால் மீதமே இராது. எல்லோரும் ஒரே நேரத்தில் அமர்ந்து உண்டால், காய்கறியிலும் முட்டையிலும் பெண்ணுக்குரிய பங்கு அவளுக்குக் கிடைக்கும். இந்த ஒன்றை ஆண்கள் மனம் வைத்தால் நாளையே செய்துவிடலாம்.

விருந்தும் கடையும்

மதுரை தூங்கா நகரம். இரவெல்லாம் பரோட்டாக் கல் காய்ந்துகொண்டேயிருக்கும். கோடையில் ஜிகர்தண்டா அழைக்கும். காதுகுத்து, கிடாவெட்டு, கல்யாணம் என்று விருந்துக்கும் குறைவில்லை. இவற்றை அறவே விலக்கும் விரதம் நிலைக்காது. விதி ஒன்றே போதும்: வெளியில் உண்டது ஒரு வேளை உணவுக்குப் பதிலாக இருக்கட்டும், அதற்கு மேல் கூடுதலாக இருக்க வேண்டா. பரோட்டா உண்ட இரவு வீட்டில் சோறு இல்லை. பகலில் விருந்து என்றால் இரவில் மோரும் பழமும் போதும். மறுநாள் பட்டியல் வழக்கம்போல் தொடரட்டும்.

எச்சரிக்கை

நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்வோர் மருத்துவரைக் கேளாமல் உணவைக் குறைக்கலாகாது. சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயக்கம் நேரிடும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள் ஆகியோருக்கு எடைக் குறைப்பு உணவு உரியதன்று. சிறுநீரக நோயுள்ளவர்கள் பயறு, கீரையின் அளவையும் மருத்துவர் சொற்படியே அமைத்துக்கொள்ள வேண்டும். தமக்கு எடை மிகுதியா என்று அறிய ஒரு நாடா போதும்: ஆணுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்கும், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்கும் மேற்பட்டால் கவனம் தேவை. எடையை மாதம் ஒரு முறை, ஒரே தராசில், காலையில் பார்த்தால் போதுமானது.

பஞ்சாயத்து செய்யக் கூடியது

காய்கறி ஒருவருக்கு 400 கிராம் என்றால், நால்வர் குடும்பத்திற்கு மாதம் 48 கிலோ. விலை கொடுத்தே வாங்குவதென்றால் ஏழைக் குடும்பத்தால் இயலாது. நியாயவிலைக் கடையில் அரிசி 2011ஆம் ஆண்டு ஜூன் முதல் விலையின்றிக் கிடைக்கின்றது. காய்கறி அப்படிக் கிடைப்பதில்லை. தட்டில் சோறு மிகுந்து காய் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பொருளாதார அறிஞர் ஜே. சி. குமரப்பா தம் இறுதி ஆண்டுகளை டி. கல்லுப்பட்டி காந்திநிகேதன் ஆசிரமத்தில் கழித்தவர். ஒரு லட்சம் மக்களுக்குச் சமச்சீர் உணவு கிடைக்க எந்தப் பயிருக்கு எவ்வளவு நிலம் வேண்டும் என்று 1940களிலேயே அவர் கணக்கிட்டுக் காட்டினார். உழைப்பு மிகுந்த அக்காலத்திற்கேற்ப ஆளுக்கு நாள்தோறும் 16 அவுன்சு, அதாவது சுமார் 450 கிராம் தானியம் என்று அவர் வகுத்தார். இன்று அந்த அளவு நம்மில் பலருக்கு மிகுதி. ஆயினும், தட்டில் வேண்டியதை முதலில் தீர்மானித்து, அதற்கேற்ப வயலில் விதைக்க வேண்டும் என்ற அவருடைய முறை இன்றும் பொருந்தும்.

ஒவ்வொரு வீட்டின் கழிவுநீர் ஓடும் பக்கமும் ஒரு வாழையும் முருங்கையும் நடலாம். வரப்பில் அகத்தி, வேலியில் அவரையும் பீர்க்கும் ஏறலாம். மிஞ்சிய விளைச்சலை உழவர் சந்தைக்குக் கொண்டுபோகலாம். மாநிலத்தின் முதல் உழவர் சந்தை 1999ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் மதுரை அண்ணாநகரில்தானே திறக்கப்பட்டது! மகளிர் சுயஉதவிக் குழுக்கள் வாரப் பட்டியலைத் தத்தம் கூட்டத்தில் பேசி, ஊருக்கேற்பத் திருத்திக்கொள்ளலாம். கிராம சபைக் கூட்டத்தில் சர்க்கரைத் தேநீருக்கும் மிக்சருக்கும் பதிலாக மோரும் அவித்த கடலையும் வழங்கலாம். பொதுவில் ஒரு தராசையும் நாடாவையும் ஊராட்சி அலுவலகத்தில் வைப்பதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம்.

இவ்வளவையும் ஒரே நாளில் செய்ய வேண்டுவதில்லை. முதல் வாரம் டம்ளரில் கோடு. இரண்டாம் வாரம் தேநீரில் சர்க்கரை. மூன்றாம் வாரம் அடுப்பங்கரைச் சுவரில் வாரப் பட்டியல். நான்காம் வாரம் கொல்லையில் ஒரு பாத்தி கீரை. முன்னின்று நடத்துவோர் தம் வீட்டில் முதலில் தொடங்கினால், ஊரார் கேளாமலே பின்பற்றுவர்.