நம்பிக்கையை யாரிடம் கேட்டு அளப்பது?

2020 ஜூன் மாதத்தைக் குரோம்பேட்டைக்காரர்கள் லேசில் மறக்க மாட்டார்கள். 19ஆம் தேதி தொடங்கி 30 வரை சென்னையோடு சேர்த்துப் புறநகருக்கும் முழு ஊரடங்கு. மின்சார ரயில் ஓடவில்லை, ஜி.எஸ்.டி. சாலையில் ஈ காக்கை இல்லை. வாசலில் தனிமைப்படுத்தல் நோட்டீஸ் ஒட்டிய வீட்டுக்குப் பால் பாக்கெட் வாங்கித் தருவது யார் என்பதே அன்றைக்குப் பெரிய கேள்வி. அதே மாதங்களில் பல நாடுகளில் ஆய்வாளர்கள் மக்களின் மனத்தெம்பைக் கேள்வித்தாள் வைத்து அளந்துகொண்டிருந்தார்கள்.

அந்த மனத்தெம்பின் ஒரு கூறான நம்பிக்கையை அளக்க நிறையப் பேர் கையிலெடுப்பது, அமெரிக்க உளவியலாளர் சி.ஆர். ஸ்னைடர் 1991இல் வெளியிட்ட அளவுகோல். மொத்தம் 12 வாக்கியங்கள்; எட்டுக்குத்தான் மதிப்பெண். நினைத்ததை முடிக்கும் உறுதி எனக்கு உண்டா என்று நான்கு வாக்கியங்கள் பார்க்கும். சிக்கல் வந்தால் எனக்கு வழி தோன்றுமா என்று மற்ற நான்கு பார்க்கும். எல்லாம் 'நான்' என்றே பேசும்.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியாக இருக்கும் எழுபது வயது அம்மாவிடம் இதை நீட்டிப் பாருங்கள். "எனக்கென்னப்பா, பசங்க நல்லா இருந்தா போதும்" என்பார். அதற்கு அந்தத் தாளில் கட்டம் கிடையாது. மதிப்பெண் குறைந்துதான் வரும். ஆனால் மாத்திரை தீர்ந்தால் எதிர்வீட்டுப் பையன் வாங்கி வருவான், காய்ச்சல் என்றால் நாத்தனார் மகன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவான், சாயங்காலம் மகள் வீடியோ காலில் வந்துவிடுவாள் என்று அவர் திடமாகத்தான் இருக்கிறார். அவருக்கு வழி உண்டு. அது நாலு வீட்டில் பிரிந்து கிடக்கிறது, அவ்வளவுதான்.

இந்தக் குறையைத் தீர்க்க முயன்றவர் பிலிப்பைன்ஸ் உளவியலாளர் ஆலன் பெர்னார்டோ. ஸ்னைடரின் கோட்பாட்டை 2010இல் விரித்து, நம்பிக்கையின் இருப்பிடத்தைத் தான், குடும்பம், நண்பர்கள், தெய்வம் என்று நான்காகப் பிரித்தார். நம் ஊர் மனிதரைப் புரிந்துகொள்ள இதுவே பொருத்தமான வழி என்பது என் கருத்து.

சென்னைக்கும் இந்த அளவைக் கலையில் பங்கு உண்டு. உலக சுகாதார நிறுவனம் 1990களில் வாழ்க்கைத்தரத்தை அளக்கும் கருவியை உருவாக்கியபோது, முதல்கட்டப் பணி நடந்த 15 மையங்களில் சென்னையும் ஒன்று. பல நாட்டு மக்களையும் கேட்டுத்தான் அதைச் செய்தார்கள். அப்படியிருந்தும் அதன் சுருக்க வடிவத்தின் 26 கேள்விகளில் உறவுகளுக்கு ஒதுக்கியது மூன்றே: சொந்த உறவுகள், பாலுறவு, நண்பர்களின் உதவி. ஒற்றை ஹாலில் மாமியாரும் மருமகளும் உட்கார்ந்திருக்க, நடுக்கேள்விக்கு எந்தப் பெண் உண்மையைச் சொல்வாள்? மற்ற கேள்விகளுக்கும் வீட்டார் முன்னால் வரும் பதில் வீட்டு மானத்தைக் காப்பாற்றும் பதிலாகவே இருக்கும்.

உறவுகளையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதற்காகக் குடும்பம் என்றாலே பலம் என்று எழுதிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. அதற்குக் காரணம் குரோம்பேட்டைக்கு அடுத்த ஸ்டேஷனான தாம்பரம் சானட்டோரியம். அங்குள்ள அரசு நெஞ்சக மருத்துவமனை, 1928இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கியது. 1986இல் டாக்டர் சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைச் சென்னையில் கண்டறிந்தார்கள். அடுத்த பத்தாண்டில் அந்நோயாளிகள் தேடி வரும் இடமானது இந்த மருத்துவமனை. 2004 ஏப்ரல் 1 அன்று இலவசக் கூட்டு மருந்துத் திட்டம் தொடங்கியபோது முதல் மையங்களில் இதுவும் ஒன்று. அந்தக் காலத்தில் தமிழ்நாடெங்கும் எச்.ஐ.வி. நோயாளியை முதலில் ஒதுக்கியது பெரும்பாலும் வீடும் ஊரும்தான். தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்தார்கள். கணவனைப் பறிகொடுத்த பெண்ணை அவனுடைய வீட்டாரே வெளியே அனுப்பினார்கள். அப்படி ஒதுக்கப்பட்டவர்களுக்குத் தெம்பு தந்தது, தங்களைப் போலவே மாத்திரைக்கு வரிசையில் நின்ற இன்னொருவர். கூடி வாழும் ஊரில் கைவிடப்பட்டவருக்கு இரட்டைத் தண்டனை. குடும்பத்தை நம்பும் அளவுகோல், அந்தக் குடும்பம் கைவிட்டதா என்பதையும் கேட்டே ஆக வேண்டும்.

குரோம்பேட்டை இன்று தாம்பரம் மாநகராட்சியில் இருக்கிறது. 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். சுகாதாரத் துறைக்கு ஒரு வேண்டுகோள்: அந்தப் பரிசோதனையோடு இரண்டே கேள்விகளைச் சேருங்கள். "உங்களுக்கு முடியலைன்னா முதல்ல யார் வருவாங்க?" "யாரும் வராம விட்ட நாள் உண்டா?" கேட்கும்போது மற்றவர்களைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லுங்கள். முதல் கேள்விக்கு யார் பெயரும் சொல்ல முடியாதவர் வீட்டுக்கு, அடுத்த தொற்று வருவதற்குள் இன்னொரு முறை போங்கள்.