கடற்றலைவனும் அவன் முற்கதையும்

கதைகளிலே கடற்கொள்ளைத் தலைவன் பெரும்பாலும் நடுக்கடலிலேயே தோன்றுகின்றான். முதலிற் பாய் தெரிகின்றது. பின்னர்க் கொடி தெரிகின்றது. அதன்பின் அவன் நிற்கின்றான். அவன் எக்குடியிற் பிறந்தவன், எத்துறையில் வளர்ந்தவன், போகுங் கலங்களை மறிக்கும் உரிமை தனக்குண்டென்று எக்காரணம் பற்றி எண்ணினான் என்பன யாவும் கதை தொடங்குமுன்னர் நிகழ்ந்து முடிந்தவை. இவற்றையே முற்கதை என்பர்.

கற்பனை உலகொன்றிலே பலர் கூடிப் பாத்திரங்களை ஏற்று நடத்தும் விளையாட்டொன்று 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்னும் பெயரோடு வெளிவந்து இன்று உலகின் பல பாகங்களிலும் பரவியுள்ளது. ஒருவன் கதையை நடத்த, ஏனையோர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பாத்திரமாகி நின்று பேசியும் முடிவு செய்தும் கதையை வளர்ப்பர். கடற்கொள்ளைத் தலைவனாக விரும்புகின்றவன் ஆட்டந் தொடங்குமுன் அவனுக்கு ஒரு முற்கதை சமைத்துக்கொள்ளுதல் வழக்கம். சமைப்போருட் பலர் இழந்த கால், தோளிற் கிளி, புதைத்து வைத்த பொன் என்பவற்றிலேயே தொடங்கிவிடுகின்றனர். இவை பெரிதும் ஸ்டீவன்சன் எழுதி 1883இல் நூலாக வெளிவந்த ‘புதையல் தீவு’ என்னும் ஆங்கில நாவலாற் பரவியவை. இதே தொழிலை ஈழத்துப் புலவர் பன்னெடுங்காலத்துக்கு முன்னரே செய்துள்ளனர். அவர் தொடங்கிய இடம் வேறு. நெடுந்தீவின் வெடியரசன் கதையை ஊன்றி நோக்குவார்க்கு அவ்வேறுபாடு புலனாகும்.

சிலப்பதிகாரத்திலே கண்ணகியின் சிலம்பிலுள்ள பரல் மாணிக்கம். பாண்டிமாதேவியின் சிலம்பிலுள்ளது முத்து. மதுரை வழக்கு முழுவதும் இவ்வொரு வேறுபாட்டினாலேயே தீர்கின்றது. அம்மாணிக்கம் எங்கிருந்து வந்தது என்பதை இளங்கோவடிகள் கூறினாரல்லர். கூறவேண்டிய இன்றியமையாமையும் அவர்க்கில்லை. ஆயின், ஆண்டுதோறும் கண்ணகி கோயில் முன்றிலில் அக்கதையைக் கேட்டிருந்த ஈழத்து மக்களுக்கு அவ்வினா எழுந்தது. மட்டக்களப்புப் பகுதியிற் ‘கண்ணகி வழக்குரை’ எனவும் யாழ்ப்பாணப் பகுதியிற் ‘கோவலனார் கதை’ எனவும் வழங்கும் காவியம் அதற்கு விடை கூறுகின்றது. நெடுங்காலம் ஏட்டுப் பிரதிகளாகவே கிடந்த அதனை வி. சீ. கந்தையா 1968இற் பதிப்பித்து உதவினார்.

காவியங் கூறும் விடை இது: கண்ணகியின் சிலம்பிற் பரலாக இடுதற்கு நாகமணி வேண்டியிருந்தது. நாகமணி நாகதீவில் உளது. அதனைக் கொணர்தற்கு மீகாமன் என்பான் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து கலஞ் செலுத்தினான். வழியிலுள்ள கடல் வெடியரசனுடையது. தன் இசைவின்றித் தன் கடலை எவருங் கடத்தலாகாது என்று அவன் மறித்தான். போர் மூண்டது. வெடியரசன் தோற்றுச் சிறைப்பட்டான். அவன் தம்பியருள் வீரநாராயணன் களத்தில் வீழ்ந்தான். கீரிமலைப் பக்கத்தில் இருந்தவனெனப்படும் மற்றொரு தம்பி விளங்குதேவன் செய்தி கேட்டுப் பழிதீர்க்க எழுந்தான். இப்பகுதிகளைக் கடலோட்டு என்றும் வெடியரசன் போர் என்றும் மக்கள் தனித்தெடுத்துப் பாராட்டியமையே இவை அவர்கள் உள்ளத்தை எவ்வளவு கவர்ந்தன என்பதைக் காட்டும்.

புலவன் செய்த வேலையை ஒருமுறை பிரித்து நோக்குதல் தகும். அவன் கையில் இருந்தது ஒரு மாணிக்கப் பரல் மட்டுமே. பரல் கடல் கடந்து வரவேண்டுமாயின் கலம் வேண்டும். கலத்துக்குத் தலைவன் வேண்டும். மீகாமன் என்னுஞ் சொல்லே கலஞ் செலுத்துவோனைக் குறிப்பதன்றோ? தொழிற்பெயரையே அவன் பெயராக்கிப் புலவன் மேலே சென்றுவிட்டான். மறிப்பவனுக்கோ அங்ஙனம் செய்திலன். அவனுக்கு ஓர் ஊர் கொடுத்தான், அரசன் என்னும் பெயர் கொடுத்தான், உடன்பிறந்தாரைக் கொடுத்தான், அவருள் ஒருவனைச் சாகவுங் கொடுத்தான். அனைத்தினும் மேலாக, மறித்தற்கு ஒரு நியாயமுங் கொடுத்தான். வடுவும் ஊனமும் இல்லாமலே வெடியரசன் உருவம் கேட்போர் மனத்தில் நிலைத்து நிற்பதற்கு அந்நியாயமே காரணம். காவிரிப்பூம்பட்டினத்து வணிகனுக்கு அவன் கொள்ளைக்காரன். நெடுந்தீவானுக்கு அவன் தன் வேலியைக் காத்தவன். இரண்டும் ஒரே பாட்டிலுள்ளன.

அந்நியாயம் வெறுங் கற்பனையன்று. பாக்குநீரிணை ஆழமற்ற கடல். பாரும் மணற்றிட்டும் நிறைந்தது; பெருங்கலம் நினைத்த வழியே செல்லுதற்கில்லை. சோளகமும் வாடையும் மாறி மாறி வீசும் பருவம் பார்த்துக் குறித்த வழிகளாலேயே செல்லுதல் வேண்டும். தீவுக்கூட்டத்திற் குடாநாட்டுக்கு மிகத் தொலைவிலும் தமிழகக் கரைக்கு அணித்தாகவும் கிடப்பது நெடுந்தீவு. ஏறத்தாழ 50 சதுரக் கிலோமீற்றர்ப் பரப்புடைய அத்தீவில் இருந்துகொண்டு அவ்வழியைக் காப்பவன், கலத்தவர் கண்ணுக்குத் துணைவனாகவுந் தோன்றுவான், பகைவனாகவுந் தோன்றுவான். வழிகாட்டுதற்குப் பெறுங் கூலி, துறையில் வாங்குஞ் சுங்கம், வலிந்து கொள்ளும் பொருள் என்னும் மூன்றுக்குமிடையே எல்லை வகுத்தல் அக்காலத்தில் எளிதாயிருந்திராது.

இதற்கு நயினாதீவிலேயே கல்லிற் பொறித்த சான்றுளது. 12ஆம் நூற்றாண்டிற் பொலனறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்ச் சாசனம் நாகபூஷணி அம்மன் கோயிலில் உளது. கா. இந்திரபாலா 1963இல் அதனை ஆராய்ந்து வெளியிட்டார். பிறநாட்டு வணிகர் ஊராத்துறையிலே, அஃதாவது இன்றைய ஊர்காவற்றுறையிலே, வந்திறங்குதல் வேண்டும் என்றும் அவர்க்குக் காப்பளித்தல் வேண்டும் என்றும் மன்னன் அதிற் பணிக்கின்றான். தொடர்ந்து, உடைந்த கலங்களைப் பற்றிய விதி வருகின்றது. யானை குதிரை ஏற்றிவந்த கலம் கெடுமாயின் நான்கில் ஒரு கூறு அரச பண்டாரத்துக்கு, எஞ்சிய மூன்று கூறு உடையவனுக்கு. வாணிகப் பண்டம் ஏற்றிய கலம் கெடுமாயின் பாதி பண்டாரத்துக்கு, பாதி உடையவனுக்கு.

புயலிற் கலம் இழந்து கரையேறிய வணிகனிடமிருந்து எஞ்சிய சரக்கிற் பாதியைக் கொள்ளுதல் இன்றைய உள்ளத்துக்குக் கொடிதாகவே படும். அக்காலத்தில் அது சலுகையாகக் கருதப்பட்டிருத்தல் வேண்டும். யானை குதிரை கொணர்வோனிடம் மேலுங் குறைத்தே கொள்ளப்பட்டது. ஆந்திரக் கரையிலுள்ள மோட்டுப்பள்ளியிற் காகதிய மன்னன் கணபதி 1244இற் பொறித்த அபய சாசனம், முன்னிருந்த அரசர் கரையொதுங்கிய கலங்களின் பொருள் முழுவதையுங் கவர்ந்தனர் என்றும், தான் உரிய தீர்வையன்றிப் பிறிதொன்றுங் கொள்வதில்லை என்றும் கூறுகின்றது. முழுவதுங் கொண்டோரும் அரசர். பாதி கொண்டோனும் அரசன். அப்பாதியையே நெடுந்தீவுத் தலைவன் ஒருவன் சாசனம் பொறியாது கொண்டிருந்தால் அவனுக்கு என்ன பெயர் வழங்கியிருக்கும் என்பது சிந்திக்கற்பாலது. கொள்ளைத் தலைவனுக்கு முற்கதை எழுதுவோன் முதலில் விடைகாண வேண்டிய வினாவும் இதுவே: அவன் கொண்டது எவ்வுரிமையால்? அவ்வுரிமையை மறுத்தவர் யாவர்?

ஒரே மனிதன் ஒரே நூலில் இருவகையாகத் தோன்றுதலும் உண்டு. மொரோக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா 1344இல் மாலைதீவிலிருந்து மாபாருக்குப் புறப்பட்டு, காற்றுத் திசைமாற்ற இலங்கைக் கரையை அடைந்தான். மாலுமிகள் அஞ்சினர். அத்துறை ஆரியச்சக்கரவர்த்தியின் ஆட்சிக்குட்பட்டது, அவனோ கொடியவன், அவன் கலங்கள் கடலிற் கொள்ளையிடுவன என்பது அவர்கள் கூற்று. வேறு வழியின்றிக் கரையிறங்கிய பயணி, தான் மாபார்ச் சுல்தானின் உறவினன் என்று கூறிப் புத்தளத்தில் அவ்வரசனைக் கண்டான். கண்டவனோ பாரசீக மொழி அறிந்த, முத்தின் தரந் தேர்ந்து உரையாடவல்ல மன்னன். விருந்தினனுக்கு முத்துக்கள் அளித்து, பாவாத மலைக்குச் செல்லப் பல்லக்கும் துணையாட்களும் கொடுத்தனுப்பினான். மாபார்க் கரையில் அவனுடைய சிறியவும் பெரியவுமான நூறு கலங்களைத் தான் கண்டதாகவும் பதூதா எழுதுகின்றான். மாலுமிகள் பொய் கூறினர் என்று கொள்ளுதற்கில்லை. சுல்தானின் உறவினனல்லாத ஓர் ஏழை வணிகன் அத்துறையில் ஒதுங்கியிருந்தால் அவன் எழுதும் நூல் வேறாயிருந்திருக்கும்.

மேனாட்டாருள்ளும் கூர்த்த எழுத்தாளர் இதனை உணர்ந்திருந்தனர். மேற்கூறிய ‘புதையல் தீவில்’ ஒற்றைக்காலன் சில்வர், தன் காலை நாட்டுக்காகக் கடற்படையிற் போரிட்டு இழந்ததாகக் கனவான் ஒருவரை நம்பச் செய்கின்றான். பின்னர்த் தோழன் ஒருவனோடு மறைவிற் பேசும்போது, கொள்ளைத் தலைவன் பிளின்ற் காலத்தில் இழந்ததாக அவன் வாய்மொழியே காட்டிக்கொடுக்கின்றது. கிளியை எடுத்துக்கொண்டவர்கள் இந்நுட்பத்தை விட்டுவிட்டனர். கப்டன் சார்ள்ஸ் ஜோன்சன் என்னும் பெயரில் 1724இல் வெளிவந்த கடற்கொள்ளைக்காரர் சரித்திரத்துக்கு 1728இல் இரண்டாம் பாகம் வந்தது. அதில் மிஸ்ஸன் என்னும் பிரெஞ்சுத் தலைவன், மனிதர் யாவரும் சுதந்திரர் என்னுங் கொள்கையனாய், மடகாஸ்கரில் ‘லிபர்ட்டாலியா’ என்னும் குடியிருப்பை அமைத்ததாக விரிவாகச் சொல்லப்படுகின்றது. அப்படி ஒருவன் இருந்தமைக்கு வேறெங்குஞ் சான்றில்லை. கற்பனையென்றே ஆராய்ச்சியாளர் கொள்வர். எனினும் அந்நூலில் வரும் உண்மையான கொள்ளைக்காரர் பலரினும் மிஸ்ஸனே நினைவில் நிற்கின்றான். அவனுக்கு ஆசிரியர் ஒரு நியாயம் கொடுத்திருந்தார்.

இனி, கற்பனை முற்கதைக்கும் வெடியரசன் முற்கதைக்கும் உள்ள பெரிய வேற்றுமை ஒன்றைக் கூறாது விடுதல் பொருந்தாது. மிஸ்ஸனைத் தன் பாட்டன் என்பார் எவருமிலர். வெடியரசனையோ முக்குவர் மரபும், மீகாமனைக் கரையார் மரபும் தத்தம் முன்னோராகப் போற்றிவருகின்றன. கீழ்க்கரையிலும் வெடியரசன் பெயரோடு தம் குடிவரலாற்றை இணைத்துரைக்கும் வழக்குளது. ஆகவே, போரில் வென்றவன் யார், பிழை யாருடையது, சமாதானம் எவ்வாறு முடிந்தது என்பவற்றைப் பாடுவோன் கேட்போரின் முகத்தை நோக்கியே பாடியிருப்பான். ‘வெடி’ என்பதைத் துப்பாக்கி வெடியாகக் கொண்டு பெயருக்குப் பொருளுரைப்பாரும் உளர். அவ்வுரை கொள்ளப்படின், பெயர் 1505இற் போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்த காலத்துக்கு மிக முற்பட்டதாதல் அரிது. கோவலன் காலத்துக்கோ எட்டாது. வெடி என்பதற்குப் பேரோசை என்னும் பொருளும் இருத்தலின் அதனைத் துணிதற்குமில்லை. இத்தகைய பாட்டைக் குலப்பெருமைக்கு உறுதிச்சீட்டாக நீட்டுவோர் புலவனுக்கும் நீதி செய்கின்றாரல்லர், வரலாற்றுக்கும் நீதி செய்கின்றாரல்லர். புலவன் வகுத்தது ஒரு வழக்கு. இரு பக்கத்தாரையும் அவன் பேசவிட்டான். பிற்காலத்தார் ஒரு பக்கத்தின் வாயை அடைத்துவிட்டுத் தீர்ப்பை மட்டும் எடுத்துச் செல்கின்றனர்.

விளையாட்டுக்காக எழுதும் மாணவனுக்கு இவ்விடர் இல்லை. அவன் தலைவனுக்குத் தீவுப்பகுதியிலேயே வேண்டிய பொருள் யாவும் உள: குறித்த பருவத்தில் மட்டும் திறக்கும் கடல்வழி, பாதிச் சரக்கைக் கேட்கும் சாசனம், கீரிமலையில் இருக்கும் தம்பி, நாகதீவில் இருக்கும் மணி. அவன் தோற்கலாம், வெடியரசனும் தோற்றவனே. தோற்றவன் பெயரே தீவில் நின்றது.

நெடுந்தீவின் மேற்குப் பகுதியிலே பவளக்கற்களாலான சிதைவுகள் சில கிடக்கின்றன. அவை வட்டமான அடித்தளமுடைய பௌத்தத் தூபிகளின் எச்சங்கள் என்று தொல்லியலார் கண்டுள்ளனர். ஐரோப்பியர் காலத்துக் கோட்டையின் இடிபாடு தீவில் வேறிடத்தில் உளது. எனினும், குறிகட்டுவானிலிருந்து படகேறி வந்து பழமை காண விரும்புவாரை ஊரவர் அப்பவளக்கற்களிடம் அழைத்துச் சென்று, ‘வெடியரசன் கோட்டை’ என்றே இன்றுங் காட்டுகின்றனர்.