விசுவாசமும் கற்பனையும் – 9: பார்க்கரின் முதுகு

சென்ற வாரம் பார்த்த ஜெரார்ட் மேன்லி ஹாப்கின்ஸ், 1868-இல் இயேசு சபையில் சேர்வதற்கு முன் தன் கவிதைகளைத் தீயிலிட்டார். கடவுளா கவிதையா என்ற கேள்வி அவரை அப்படி வாட்டியது. ஃப்ளானரி ஓ'கானருக்கு அந்தக் கேள்வியே எழவில்லை.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், சவானா நகரில் 1925-இல் பிறந்த கத்தோலிக்க எழுத்தாளர் இவர். அப்பாவைக் கொண்டுபோன லூபஸ் நோய் இவரையும் பிடித்தபோது வயது 25. அதன்பின் மில்லெட்ஜ்வில் ஊருக்கு வெளியே அம்மாவின் பால்பண்ணைதான் உலகம். காலையில் திருப்பலி, பிறகு மதியம்வரை எழுத்து, மிச்ச நேரத்துக்கு அவர் வளர்த்த மயில்கள். 1964-இல், 39 வயதில் இறந்தபோது இரண்டு நாவல்களும் முப்பது சொச்சம் சிறுகதைகளும் எழுதியிருந்தார்.

இத்தனை பக்தியுள்ளவரின் கதைகளில் என்ன நடக்கிறது? சிறையிலிருந்து தப்பிய கொலைகாரன், ஊர் சுற்றக் கிளம்பிய குடும்பத்தைப் பாட்டி, கைக்குழந்தை உட்படக் கொன்று தீர்க்கிறான். பைபிள் விற்க வந்தவன் ஒரு பெண்ணின் மரக்காலைத் திருடிக்கொண்டு போகிறான். இதெல்லாம் ஒரு கத்தோலிக்கர் எழுதுகிற கதையா என்று அவர் சபையைச் சேர்ந்தவர்களே முகம் சுளித்தார்கள்.

ஓ'கானரின் பதில் புனித தோமா அக்குவினாஸிடமிருந்து வந்தது. அக்குவினாஸின் கலைச் சிந்தனையை விளக்கி ஃபிரெஞ்சுத் தத்துவவாதி ஜாக் மாரித்தேன் 1920-இல் வெளியிட்ட நூலில்தான் அவர் அழகியல் பயின்றார். கலைஞனுக்கு முதல் பொறுப்பு, கையிலுள்ள வேலை நன்றாக அமைய வேண்டும் என்பதே. தச்சர் எவ்வளவு ஜெபித்தாலும் கால் ஆடுகிற நாற்காலி ஆடத்தான் செய்யும். உபதேசத்துக்காக மனிதர்களை வளைத்து எழுதும் கதை, கடவுள் படைத்த உலகத்தைப் பற்றியே பொய் சொல்கிறது. அதனால் அது கலைக்கு மட்டுமல்ல, விசுவாசத்துக்கும் இழுக்கு. இதை நான் முழுமையாக ஏற்கிறேன்.

ஆனால் இந்த வாதத்தைவிட அவர் மரணப் படுக்கையில் எழுதிய 'பார்க்கரின் முதுகு' கதை இன்னும் ஆழமாகப் பேசுகிறது. பார்க்கர் உடம்பின் முன்பக்கம் முழுக்கப் பச்சை குத்திக்கொண்டவன். தன்னால் பார்க்க முடியாத முதுகை மட்டும் வெறுமையாக விட்டிருக்கிறான். அவன் மனைவி சேரா ரூத் பிரசங்கியாரின் மகள். தேவாலயக் கட்டடங்கள்கூட அவளுக்கு விக்கிரக ஆராதனைதான். ஒருநாள் டிராக்டர் மரத்தில் மோதித் தீப்பற்றுகிறது. தூக்கி எறியப்பட்ட பார்க்கர், தன் காலணிகள் தனியே கிடந்து எரிவதைப் பார்க்கிறான். நேராக நகரத்துக்கு ஓடி, விடாமல் உற்றுப் பார்க்கும் கண்களுடைய பைசாந்தியக் கிறிஸ்துவை முதுகில் குத்திக்கொள்கிறான். மனைவி இதையாவது விரும்புவாள் என்ற நம்பிக்கையோடு வீடு வருகிறான்.

அவளுக்கு அது யாரென்றே தெரியவில்லை. கடவுள் என்று அவன் சொல்ல, கடவுள் ஆவியானவர், அவருக்கு முகம் கிடையாது என்று துடைப்பத்தால் அவனை விளாசுகிறாள். குத்திய கிறிஸ்துவின் முகத்தில் தழும்புகள் எழும்புகின்றன. சிலுவைப்பாடு பற்றி ஒரு வாக்கியம்கூட இல்லாமல் ஓ'கானர் அதைக் கண்முன் நிறுத்திவிடுகிறார். என்னைப் பொறுத்தவரை அவர் எழுதியவற்றில் இதுவே உச்சம்.

கிறிஸ்து பைசாந்திய உருவில் வருவது தற்செயல் இல்லை. எட்டாம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசே திருவுருவப் படங்களை உடைத்தது. காணமுடியாத கடவுள் மனித உடல் எடுத்துவிட்டார், ஆகவே அவரை வரையலாம் என்று இறையியலாளர் தமஸ்குவின் யோவான் வாதாடினார். 787-இல் கூடிய இரண்டாம் நிசேயா பொதுச்சங்கம் திருவுருவப் படங்களை வணங்குவது முறையே என்று தீர்மானித்தது. கிறிஸ்தவக் கலை முழுவதும் நிற்பது இந்த அடித்தளத்தில்தான். உடலை ஒதுக்கிவிட்டு ஆவியை மட்டும் வழிபட முடியும் என்று நினைக்கும் சேரா ரூத்தான் உண்மையில் நெறி பிறழ்ந்தவள் என்று ஓ'கானர் தன் கடைசி வாரங்களில் ஒரு கடிதத்தில் விளக்கினார்.

அவரைப் புனிதராக்கிவிடவும் கூடாது. கடிதங்களில் கறுப்பின மக்களைப் பற்றி அவர் எழுதிய சில வரிகள் வெட்கக்கேடானவை. 2020-இல் மேரிலாந்தின் லயோலா பல்கலைக்கழகம் ஒரு மாணவர் விடுதியிலிருந்து அவர் பெயரை நீக்கியது. அதே ஓ'கானர்தான் 'வெளிப்பாடு' கதையில், தன்னை மேலானவளாக எண்ணும் ஒரு வெள்ளைக்காரப் பண்ணைக்காரியைப் பன்றிக் கொட்டிலில் நிறுத்தி, அவள் இழிவாக நினைத்த ஏழைகளும் கறுப்பின மக்களும் அவளுக்கு முன்னால் விண்ணகம் ஏறுவதைக் காணச் செய்கிறார். அவருடைய கடிதங்கள் எட்டாத இடத்துக்கு இந்தக் கதை போயிருக்கிறது.

'வெளிப்பாடு', 'பார்க்கரின் முதுகு' இரண்டும் அவர் இறந்த மறு ஆண்டு வெளிவந்த தொகுதியில் அடுத்தடுத்து இருக்கின்றன. ஓ'கானரைப் புதிதாகப் படிக்கப் போகிறவர்கள் இந்த இரண்டில் தொடங்குங்கள். கொலைக் கதைகளைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.